சிவப்புக் கம்பி எல்லாம் ஒன்றுதான்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இனி உன் ரிமோட் கண்ட்ரோல் வண்டிக்கு வருகிறேன்.

டிஆர்எக்ஸ்-4-இன் ஸ்டியரிங் சர்வோவை, அதாவது முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டியை, கழற்றிவிட்டு 7.4 வோல்ட்டில் 35 கிலோ இழுக்கும் ஹெச்வி (அதிக வோல்ட் தாங்கும்) சர்வோ வாங்கியிருக்கிறாய். ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியையும் மாற்றிவிட்டாய். புது இஎஸ்சியின் பெக்கை, அதாவது பாட்டரி வோல்ட்டை இறக்கி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தரும் பகுதியை, 6 வோல்ட்டிலும் வைக்கலாம், 7.4-இலும் வைக்கலாம். "7.4-இல் வைத்தால் முடிந்தது அல்லவா?" என்று கேட்டிருக்கிறாய். வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

ரிமோட்டின் சிக்னலை வாங்கி சர்வோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர், வோல்ட்டை மாற்றித் தருவதில்லை. பலரும் தவறிப்போகிற இடம் இதுதான். ரிசீவருக்குள் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் அதன் சொந்தச் சிப்புக்கு மட்டும் 3.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். வெளியே தெரியும் சிவப்பு (பாசிட்டிவ்) முள் எல்லாமே உள்ளே ஒரே செம்புத் தடத்தில் சேர்ந்திருக்கின்றன. வீட்டில் எந்த பிளக் பாயிண்டில் சொருகினாலும் அதே 230 வோல்ட் வருவதில்லையா, அது போலத்தான். பெக் என்ன தருகிறதோ, அதுதான் எல்லா சேனலுக்கும் (சர்வோ சொருகும் ஒவ்வொரு இடத்துக்கும்) போகும்.

இப்போது உன் வண்டியில் என்னென்ன சொருகியிருக்கிறது என்று எண்ணிப் பார். ஸ்டியரிங் சர்வோ ஒன்று. கியர் மாற்ற ஒன்று, முன் டிஃப் (டிஃபரன்ஷியல்) பூட்ட ஒன்று, பின் டிஃப் பூட்ட ஒன்று என்று மூன்று குட்டி சர்வோக்கள். அந்த மூன்றும் வண்டியோடு வந்தவை, 6 வோல்ட் ஏற்பாட்டுக்கு வாங்கி வைத்தவை. 7.4-இல் உடனே புகை வராமல் இருக்கலாம். டிஃப் பூட்டு கடைசி நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும்போது உள்ளே இருக்கும் மோட்டாரும் டிரைவர் சிப்பும் சூடேறி, சில ஓட்டங்களில் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். ரிசீவர் வழியாக லைட் கிட் மின்சாரம் எடுத்தால் அதற்கும் இதே கதி. 6 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்ட ரெசிஸ்டர் 7.4-இல் எல்இடியைக் காப்பாற்றாது. ரிசீவரையும் சேர்த்துப் பார். இப்போது 8.4 வரை தாங்குபவை நிறைய வருகின்றன, பழையவற்றில் பல 6.5-க்கு மேல் தாங்காது. ஊகம் வேண்டாம், முதுகில் அச்சிட்டிருப்பதைப் படி.

ஆகவே ஒரே தடத்தில் தொங்கும் சாமான்களில் எது குறைந்த வோல்ட்டைத் தாங்குகிறதோ, அதற்குத்தான் பெக்கை வைக்க வேண்டும். உன் வண்டியில் அது 6.

முதலில் செலவே இல்லாத வழி. பெக்கை 6-இலேயே விட்டுவிட்டு ஓட்டிப் பார். ஹெச்வி சர்வோக்கள் பெரும்பாலும் 6-இலும் வேலை செய்யும், இழுவையும் வேகமும் மட்டும் குறையும். உன் சர்வோவின் தாளில் 6 வோல்ட்டுக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள், அதைப் பார். வோல்ட் கூடினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நமக்குத் தெரிந்த எம்ஜி996ஆர் நல்ல உதாரணம். 4.8-இல் 9.4 கிலோ, 6-இல் 11 கிலோ. ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். அதற்காக மூன்று குட்டி சர்வோக்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

7.4 வேண்டும் என்றே முடிவு செய்தால் ஸ்டியரிங் சர்வோவுக்கு மட்டும் தனி பெக் வை. கேசில் கம்பெனியின் 10 ஆம்பியர் பெக் 25.2 வோல்ட் வரை உள்ளே வாங்கும், வெளியே 4.8 முதல் 9 வரை வைத்துக்கொள்ளலாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது 5.1-இல் இருக்கும், ஆகவே புரோகிராம் செய்யாமல் மாட்டினால் சர்வோ சோம்பலாகத்தான் திரும்பும். வேறு எதை வாங்கினாலும் ஸ்விட்சிங் வகையாகப் பார்த்து வாங்கு. லீனியர் பெக் 3எஸ் (மூன்று செல்) லைபோ பாட்டரியின் 12.6-ஐ 6-க்கு இறக்கும்போது மீதி 6.6 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போகும். 3 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 20 வாட், அந்தச் சின்ன டப்பா அதைத் தாங்காது.

இணைப்பு இப்படி. பெக்கின் உள்வயரை இஎஸ்சிக்குப் போகும் பாட்டரி வயரோடு இணையாக ஈயம் வைத்துச் சேர். சர்வோ கனெக்டரில் சிவப்பு முள்ளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் முள் வெளியே வந்துவிடும், வயரை வெட்ட வேண்டியதில்லை. அந்தச் சிவப்பைப் பெக்கின் பாசிட்டிவோடு சேர்த்து ஷ்ரிங்க் டியூப் போடு. சர்வோவின் நெகட்டிவைப் பெக்கின் நெகட்டிவோடு சேர், அதிலிருந்தே ஒரு கிளை ரிசீவருக்கும் போக வேண்டும். சிக்னல் வயர் பழையபடி ரிசீவருக்கு. நெகட்டிவ் கிளையை மறந்துவிடாதே. சிக்னலின் உயரத்தை சர்வோ அதை வைத்துத்தான் அளக்கிறது, அது சரியாக இல்லாவிட்டால் சர்வோ நடுங்கிக்கொண்டே இருக்கும். ரிசீவருக்கும் குட்டி சர்வோக்களுக்கும் இஎஸ்சியின் பெக் 6-இல் தொடரும். இரண்டு பெக்கின் சிவப்பும் எங்கும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

சிலர் பெக்கே இல்லாமல் 2எஸ் (இரண்டு செல்) லைபோவிலிருந்து நேரடியாக எடுக்கிறார்கள். 2எஸ் பெயருக்கு 7.4, முழுச் சார்ஜில் 8.4. சர்வோ பெட்டியில் 7.4 என்று போட்டிருந்தால் அது 2எஸ்-இன் பெயரளவா, தாங்கும் உச்சமா என்று தாளில் தேடு. 8.4 என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நேரடியாகக் கொடு. நீ சில நாள் 3எஸ் போடுகிறாய், ஆகவே உனக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். பாட்டரி மாற்றும் ஒரு மறதியில் சர்வோ போய்விடும். தனி பெக் வைத்தாலும் ஒரு விஷயம்: இஎஸ்சி சுவிட்ச் இனி சர்வோவை அணைக்காது. ஓட்டி முடித்ததும் பாட்டரியைக் கழற்று. இல்லாவிட்டால் பெக்கும் சர்வோவும் சொட்டுச் சொட்டாக இழுத்து லைபோவை செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோய்விடும்.

பாறையில் சக்கரம் சிக்கும்போது வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது, ரேஞ்ச் பிரச்சினையோ என்று கேட்டிருந்தாய். ரிசீவரைச் சந்தேகப்படாதே. அந்த அளவு சர்வோ முட்டி நின்றால் 4, 5 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். 3 ஆம்பியர் பெக் அதைத் தாங்காமல் வோல்ட் சரியும், 3.5-க்குப் பக்கத்தில் போனதும் ரிசீவர் அணைந்து திரும்ப எழும். சாதாரண சர்வோ கனெக்டரின் முள்ளும் 3 ஆம்பியருக்குத்தான். தனி பெக் வைத்தால் இது தானாகவே தீரும். 6-இலேயே ஓட்டினால் 4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டரை, ஒரு சேனலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயரில் போடு. ஐந்து சேனலும் நிரம்பியிருப்பதால் காலி இடம் கிடைக்காது. நீளமான கால் சிவப்புக்கு, மாற்றிப் போட்டால் வெடிக்கும். ஒரு நொடிக்குள் வரும் சரிவுக்கு மட்டும் இது உதவும். முட்டிக்கொண்டே நிற்கும் சர்வோவுக்கு எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லையை) ரிமோட்டில் குறைப்பதுதான் மருந்து: முழுத் திருப்பத்தில் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் துண்டு) முட்டுவதற்குச் சற்று முன்னே நிற்கும்படி வை.

டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்) மாற்றும் யோசனையும் எழுதியிருந்தாய். பிராண்ட் ஒன்றாக இருந்தால் போதாது, புரோட்டோகால் (அவை பேசும் சிக்னல் மொழி) ஒன்றாக இருக்க வேண்டும். ஃபுடாபாவின் ஃபாஸ்ட் (FASST) புரோட்டோகால் டிரான்ஸ்மிட்டர் எஸ்-எஃப்ஹெச்எஸ்எஸ் மட்டும் தெரிந்த ரிசீவரோடு பேசாது. சான்வா வாங்கினால் நார் (சாதாரணம்), எஸ்ஹெச்ஆர், எஸ்எஸ்ஆர் (இரண்டும் வேகம்) என்று சர்வோ மோட் கேட்கும். அனலாக் சர்வோவுக்கு 20 மில்லி நொடிக்கு ஒரு பல்ஸ்தான் கணக்கு. வேக மோடில் பல்ஸ்கள் நெருங்கி வந்து விழும்போது அது முனகும், சூடாகும், எரியும். குட்டி சர்வோக்களின் சேனல்களை நாரிலேயே வை. எஸ்எஸ்ஆர் அதற்கென்றே செய்த சர்வோக்களுக்கு மட்டும். மோடை மாற்றினால் ரிசீவரை மறுபடி பைண்ட் செய் (ரிமோட்டோடு ஜோடி சேர்), ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் வண்டி எடுக்கும் நிலையில்) திராட்டிலை நியூட்ரலில் வை.

பழைய ஏர்ட்ரானிக்ஸ் சர்வோ ஒன்று உன் டப்பாவில் கிடக்கிறது அல்லவா? அதை அப்படியே சொருகிவிடாதே. அந்தக் காலத்து வரிசையில் நடு முள் பாசிட்டிவ் இல்லை.

இனி உன்னிடமிருந்து மூன்று எண் வேண்டும். ஒரு குட்டி சர்வோவின் வயரைக் கழற்றி அந்த இடத்தில் மல்டிமீட்டரை வை. சும்மா நிற்கும்போது எவ்வளவு, தரைவிரிப்பில் நிறுத்தி ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பிடிக்கும்போது எவ்வளவு, அப்படியே சற்று திராட்டிலும் கொடுத்தால் எவ்வளவு. மீட்டர் நொடிக்குள் வரும் சரிவைக் காட்டாது, அதனால் கடைசி எண் 5-க்குக் கீழே வந்தாலே பெக் திணறுகிறது என்று அர்த்தம். மூன்றையும் எழுது. எந்த பெக் வாங்குவது என்று அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
ரவி