ஆண்டறிக்கை: ஜியோபாலிமர் ஆய்வுக் குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிமெண்ட் சூளையில் எரிபொருளை மாற்றினாலும், சுண்ணாம்புக்கல் சிதையும்போது வெளிவரும் கரியமில வாயு குறையாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடாமலே இறுகும் பிணைப்பொருளை நாம் தேடுவதற்கு இதுதான் காரணம். அத்தகைய பிணைப்பொருளுக்கு ஜியோபாலிமர் என்ற பெயரை 1970களில் சூட்டியவர் பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் டேவிடோவிட்ஸ். நிலக்கரிச் சாம்பலில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் காரக் கரைசல் கரைத்து, பிறகு வலைபோல் பிணைக்கிறது.

அடிப்படையாக எடுத்துக்கொண்டது, கால்சியம் குறைந்த சாம்பலுக்குப் பலரும் பின்பற்றும் கலவை. ஒரு கனமீட்டருக்குச் சாம்பல் 408 கிலோ, ஜல்லி 1294, மணல் 554, சோடியம் சிலிகேட் கரைசல் 103, காஸ்டிக் சோடா கரைசல் 41. 8 மோலார் செறிவுள்ள காஸ்டிக் சோடா கரைசல் ஒரு கிலோவுக்கு 262 கிராம் காஸ்டிக் சோடா செதில், 738 கிராம் தண்ணீர். செதிலைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வெளியேறும். கரைசல் சூடு தணிய வேண்டுமென்பதால் முந்தின நாளே தயாரித்து, காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாதவரைக் கலவைப் பக்கம் விடக்கூடாது என்பதைச் செயற்குழு விதியாகவே ஆக்கியிருக்கிறது.

வலிமை கிடைப்பது பெரிய சிக்கல் அல்ல. 60 டிகிரியில் 24 மணி நேரம் ஆவி போகாமல் மூடிச் சூடாக்கினால் வலிமைச் சோதனைக்கு வார்க்கும் க்யூப் நன்றாகவே தாங்குகிறது. ஒரே கலவையை அடுத்த லோடு சாம்பலில் செய்யும்போதுதான் தொல்லை. எரியாத கரித்துகள் அதிகமுள்ள சாம்பல் கரைசலை உறிஞ்சிக்கொள்கிறது, கலவை இறுக்கமாகத் தெரிகிறது, வேலை செய்பவர் தண்ணீர் சேர்க்கிறார், வலிமை சரிகிறது. குற்றம் அவருடையதல்ல. சாம்பலைச் சோதிக்காமல் கலக்கச் சொன்னதே தவறு. எனவே ஒவ்வொரு லோடிலும் எரிப்பு இழப்பு (மிஞ்சிய கரியைக் காட்டுவது), 45 மைக்ரான் சல்லடை எச்சம் (துகளின் நுண்மையைக் காட்டுவது) இரண்டையும் பார்த்த பிறகே கலவை. இளக்கம் போதாவிட்டால் தண்ணீருக்குப் பதில் கலவையை இளகவைக்கும் நாப்தலீன் வகை இளக்கி, சாம்பல் எடையில் 1.5 சதவீதம் அளவில். கார்பாக்சிலேட் வகை இவ்வளவு காரத்தில் சிதைந்துவிடும்.

சூடாக்கும் வசதி இல்லாத இடத்துக்குச் சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கை இரும்பு உலைக் கசடாக மாற்றினால் சாதாரண வெப்பத்திலேயே இறுகும். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா வெல்கேம்ப் விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் தளம் சாம்பலும் கசடும் சேர்ந்த இத்தகைய காங்கிரீட்டால் போடப்பட்டது. 2014இல் அந்த விமான நிலையம் திறக்கப்பட்டது. கசடு கூடக் கூட இறுகும் நேரம் சுருங்கும், உலர்ந்து சுருங்கும் விரிசலும் கூடும் என்பதை மறக்கக்கூடாது.

காங்கிரீட்டின் மேல் உப்புபோல் படியும் வெள்ளைப் பூப்பு பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். பிணையாமல் மிஞ்சிய சோடியம் ஈரத்தோடு மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆகிறது. சிமெண்ட்டுக்குச் செய்வதுபோல் தண்ணீர் கட்டி க்யூரிங் செய்தால் காரம் கரைந்து வெளியேறும், பூப்பும் கூடும். பாலித்தீன் தாளால் மூடினாலே போதும். அச்சுக்கு எண்ணெய் தாராளமாகப் பூசவும், கருவிகளை உடனே கழுவவும் வேண்டும். சிலிகேட் காய்ந்துவிட்டால் உளிதான் துணை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன. நிலக்கரி மின் நிலையங்கள் மூடப்படும் இடங்களில் சாம்பல் கிடைக்காது என்பதால், 700 முதல் 800 டிகிரியில் சுட்ட கயோலின் களிமண்ணைச் சாம்பலுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது முதலாவது; அதன் தட்டைத் துகள்கள் அதிகக் கரைசல் கேட்கும். இரண்டாவது, தூள் வடிவச் சோடியம் மெட்டாசிலிகேட்டைச் சாம்பல், கசடோடு முன்பே கலந்து, களத்தில் தண்ணீர் மட்டும் சேர்க்கும் முறை. கார்பன் கணக்கில் ஜியோபாலிமரின் சுமை பெரும்பாலும் சிலிகேட்டிலும் காஸ்டிக்கிலும் இருப்பதால், இரண்டு வேலைகளிலும் காரத்தின் அளவை ஒவ்வொரு கலவைக்கும் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்