இலங்கை மலாய்க் கையெழுத்துக் கிதாபுகள்: பாதுகாப்பு, எண்ணிமப் பதிவுப் பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீடுகளிலிருந்து தரப்பட்ட பழைய மலாய்க் கிதாபுகளை (நூல்களை) சுத்தம் செய்து, படமெடுத்து, பெட்டியிலிட்டு, உரிய குடும்பங்களிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. கிதாபு வாரியான பட்டியலும் வரவு செலவும் தனியே இணைக்கப்பட்டுள்ளன. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் முன்பே பதிவான குடும்பத் தொகுப்புகளை மறுபடி எடுக்கவில்லை.

கமராவுக்குப் போன நேரம் குறைவு. அதற்கு முந்திய வேலையே பெரிது. எல்லாக் கிதாபுகளுக்கும் முதலில் பூச்சி நீக்கம் செய்தோம். பொலித்தீன் பையில் காற்றைப் பிழிந்து மூடி, சைபருக்குக் கீழ் 20 பாகையில் ஒரு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒரு நாளாகும். அதற்குள் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் படிந்து மை கசியும். பக்கங்களுக்கிடையே கிடந்த அந்துருண்டைகளை எடுத்துவிட்டோம். அவை புழுவைக் கொல்வதைவிட வாசிப்பவரின் மூச்சைத்தான் அதிகம் கெடுக்கின்றன.

19ஆம் நூற்றாண்டுப் பிரதிகளின் கந்தல் துணியிலிருந்து செய்த ஐரோப்பியக் கடதாசி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. சிக்கல் மையில். கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்போடு இரும்பு உப்புச் சேர்த்துக் காய்ச்சிய மை, அமிலமும் இரும்பு அயனியுமாகத் தாளை அரித்து எழுத்தின் வடிவிலேயே ஓட்டை போடும். இதைக் கண்டறிய, இரும்பைக் காட்டும் வேதிப்பொருளான பாத்தோபினாந்திரோலின் தோய்ந்த சோதனைத் தாளைத் துளி வடிநீரில் நனைத்து எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தினோம். இளஞ்சிவப்பு ஏறினால் கட்டற்ற இரும்பு இருக்கிறது. அப்படிப்பட்ட பக்கத்தில் கோதுமைப் பசை ஆகாது; அதிலுள்ள நீர் இரும்பை நல்ல தாளுக்கும் கடத்திவிடும். ஜெலற்றின் பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளை, பிசுபிசுக்கும் அளவுக்கு மட்டும் ஈரப்படுத்தி ஒட்டினோம். கரித்தூளில் செய்த மையால் எழுதிய பக்கங்களுக்கு வழக்கமான கோதுமைப் பசையே போதும். செலோட்டேப் எழுத்தின் மேல் ஒட்டியிருந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம். உரித்தால் மையும் கூட வந்துவிடும்.

படமெடுப்பு: 6000க்கு 4000 புள்ளி கொண்ட கமராவில், அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில் 38க்கு 25 சென்ரிமீற்றர் பரப்பு அடங்கும். சராசரிக் கிதாபின் விரித்த இரு பக்கத்துக்கு இது தாராளம். முதுகு இறுகிய கிதாபுகளைத் தட்டையாக விரிக்காமல், 90 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் திறக்கும் தாங்கியில் வைத்துப் பக்கம் பக்கமாக எடுத்தோம். இரு விளக்குகளும் 45 பாகையில். ஒவ்வொரு படத்திலும் நிற அட்டையும் அளவுகோலும் உண்டு. வெற்றுப் பக்கமும் உள்ளட்டையும் விடுபடவில்லை. குடும்பத்தார் பிறப்பு, இறப்பைக் குறித்து வைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வலமிருந்து இடம் செல்லும் கிதாபுக்கு மென்பொருள் தானாகத் தரும் எண் தலைகீழாகிவிடும். ஆகவே முதலில் மென்பென்சிலால் ஏட்டெண் இட்டு, கோப்புப் பெயரையும் அந்த எண்ணிலிருந்தே வைத்தோம். கிதாபை மறுபடி கட்டியபோது ஏடுகள் மாறியிருந்தால் பக்கத்தின் அடியில் உள்ள தொடர்சொல் காட்டிக்கொடுக்கும். அடுத்த பக்கம் அதே சொல்லில் தொடங்க வேண்டும். மாறிக் கிடந்தவற்றை இருந்தபடியே படமெடுத்து, சரியான வரிசையைப் பட்டியலில் மட்டும் எழுதினோம்.

பட்டியலிடுவதில் மொழியைக் கிதாபுக்கு ஒன்று என்று போட முடியாது. ஒரே கிதாபில் மலாய், அறபு, அறபுத் தமிழ் (அறபு எழுத்தில் எழுதிய தமிழ்) மூன்றும் வருகின்றன. மூன்றும் அறபு எழுத்திலேயே இருந்து ஒன்றாகத் தெரிவதால் மலாய் மட்டும் அறிந்தவர் தமிழ்ப் பாட்டைப் பிழைபட்ட மலாய் என்று தள்ளிவிடக்கூடும். கையெழுத்து என்று வந்தவற்றில் கல்லச்சுப் பிரதிகளும் (கல்லில் எழுத்தை வரைந்து அச்சிட்டவை) இருந்தன. பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டது கல்லச்சில்தான். கையெழுத்து, எழுதுகோலை மையில் தோய்த்த இடத்தில் கறுத்தும் பிறகு வெளிறியும் போகும். கல்லச்சில் கருமை ஒரே சீராக இருக்கும்.

ஒரு படம் சுருக்காத ரிஃப் (TIFF) வடிவில் 72 மெகாபைட். 200 ஏடுள்ள கிதாபு ஏறக்குறைய 14.5 கிகாபைட். பிரதிகள் மூன்று, ஒன்று வேறு ஊரில். கோப்பு பழுதாகவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்களை ஆண்டுக்கொரு முறை ஒப்பிடும் பொறுப்பும், பழைய வன்தட்டுகளை மாற்றும் செலவும் அடுத்த குழுவின் வரவுசெலவில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

கிதாபுகள் இருக்கும் வீடுகளுக்கு: ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டிய இரும்பு அலுமாரியில் வைக்க வேண்டாம். இரவில் மட்டும் ஏசி போடும் அறை அதைவிட மோசம். ஈரம் நாள்தோறும் ஏறியிறங்கும். மாதம் ஒருமுறை திறந்து, புதிதாகப் பூச்சி அரித்த தூள் உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். பட்டியலில் 'பிரிக்கப்படவில்லை' என்று குறித்தவை, நனைந்து பக்கங்கள் கட்டியாக ஒட்டிப்போனவை. ஆவி காட்டியோ கத்தி செருகியோ அவற்றைப் பிரிக்க வேண்டாம். எழுத்து எதிர்ப் பக்கத்தோடு போய்விடும்.

பணிக் குழு