பழைய கத்தியைத் துலக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரைப் பொருள்களுக்கு விலை மதிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கத்திகளுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருந்தது: நன்றாகத் துலக்கி, சாணை பிடித்து விற்பனைக்கு வையுங்கள் என்று. அந்த வரியை நம்பி யாரும் இன்று மாலையே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

சேகரிப்பாளர்கள் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கத்தி செய்யப்பட்டபோது இருந்த எஃகில் இன்று எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்கிறார்கள். பயன்படுத்தாத, சாணை பிடிக்காத கத்திக்கே உச்ச விலை. அலகில் கால் பங்கு தேய்ந்துவிட்டால் பல படி கீழே இறங்கிவிடும். பாலிஷ் சக்கரம் இன்னும் மோசம். முத்திரை எழுத்துகள் மழுங்கும், கூராக நின்ற ஓரங்கள் உருண்டுபோகும். கார்பன் எஃகின் மேல் படிந்திருக்கும் சாம்பல் கருமை அழுக்கல்ல. அடியிலுள்ள எஃகுக்கு ஓரளவு காப்பாகவும் நிற்கும் படலம் அது. செந்துருவை மட்டும் அகற்றினால் போதும். ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் துடைக்கலாம். எலுமிச்சை, வினிகர், உலோக பாலிஷ் எதுவும் வேண்டாம்.

ஜப்பானியக் குத்துவாள் வீட்டில் இருந்தால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் கொல்லரின் கையெழுத்து இருக்கும். அங்குள்ள துருவின் நிறத்தையும் அடர்த்தியையும் கொண்டே வல்லுநர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். அந்தத் துருவைச் சுரண்டி எடுப்பது பத்திரத்தின் தேதியை அழிப்பதற்குச் சமம்.

மடக்குக் கத்திக்கு ஜாதகம், அலகு பிடியோடு சேரும் இடத்திலுள்ள முத்திரை. பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் வெளிச்சமும் இருந்தால் வாசித்துவிடலாம். அமெரிக்காவில் கத்தி தயாரிக்கும் கேஸ் (Case) நிறுவனம் 1970இல் முத்திரையில் 10 புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் 7 புள்ளிகள் என்றால் 1973. அதே நிறுவனத்தின் 6254 என்ற எண்ணில் 6 எலும்புப் பிடியையும், 2 இரண்டு அலகுகளையும், 54 வடிவத்தையும் குறிக்கும். வேறு நிறுவனங்களின் குறிகள் வேறு. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போடக் கூடாது. இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. எனவே ‘ஜெர்மனி’ என்று பொறித்த கத்தியை அதற்கு முந்தையது என்று யாராவது விற்க வந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

முத்திரை அசலாக இருந்தும் கத்தி ஒட்டுப்போட்டதாக இருக்கலாம். ஆணித் தலைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் பளிச்சென்று, சுற்றிலும் சுத்தியல் தடத்தோடு இருந்தால் கத்தி பிரித்துக் கோக்கப்பட்டிருக்கிறது. அலகோ பிடித்தகடோ மாறியிருக்கலாம். மடக்கிய நிலையில் அலகின் முனை பிடிக்குள் அடங்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் அலகு தேய்ந்திருக்கலாம்; அதை மறைக்க அலகின் அடிப்பகுதியை அராவி முனையை உள்ளே இறக்குவதும் உண்டு. திறக்கும்போதும் மடக்கும்போதும் ஸ்பிரிங் ‘டக்’கென்று பிடிக்க வேண்டும், விரித்த அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. நெளிந்த கோடுகள் தெரியும் டமாஸ்கஸ் எஃகு என்று சொல்லப்படும் கத்தியின் முதுகைப் பாருங்கள். அடுக்கி அடித்த எஃகானால் பக்கத்துக் கோடுகள் முதுகிலும் தொடரும். பக்கங்களில் மட்டும் நெளிந்து முதுகில் மொட்டையாக இருந்தால், பெரும்பாலும் மேலே அமிலம் தொட்டு வரைந்த கோலம்தான்.

பிடி எதனால் ஆனது என்றறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்காக இருந்தால் சட்டென்று தீப்பற்றும். விரலால் தேய்த்துச் சூடேற்றினாலே செல்லுலாய்டில் கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டு சிதையும்போது வெளியேறும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும் என்பதால் அதைத் தனியே வையுங்கள். தோலுறையையும் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் விலையில் சேரும். ஆனால் கத்தியை அதற்குள்ளேயே வைத்தால், தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் எஃகைத் தின்னும். தந்தப் பிடியானால் விற்கும் முன் சட்டத்தைக் கேட்டறிவது கட்டாயம்.

இனி விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகை விலையே அல்ல; கைமாறிய தொகைதான் விலை. அதே வடிவம், அதே முத்திரை, அதே நிலையில் உள்ள நான்கைந்து கத்திகள் விற்ற தொகைகளைத் திரட்டுங்கள். ஏலத் தொகையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீட்டுக்கான மதிப்பு, சந்தையில் விற்கும் மதிப்பு, வியாபாரி கொடுக்கும் தொகை மூன்றும் வெவ்வேறு. முதலாவதே பெரும்பாலும் அதிகம். எதற்காக மதிப்பிடச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாத்தாவின் கத்தி என்ற வாய்மொழிக்குச் சந்தையில் விலை இல்லை. அவர் கத்தியோடு நிற்கும் புகைப்படமோ, வாங்கிய ரசீதோ இருந்தால் கத்தியுடனேயே வையுங்கள்.

துலக்கச் சொன்ன அந்த ஒரு வரிக்கு, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய கத்திகளை மதிப்பிடும் வாசகர்கள்