ஒற்றை கிலோபாஸ்கல் எண்ணை ஏற்காதீர்கள்: அறிவியல் இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

செல்கள், ஜெல்கள் பற்றிய ஆய்வுகளை வெளியிடும் இதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்களுக்கும் எழுதுகிறேன். "இந்தச் செல்லின் விறைப்பு இத்தனை கிலோபாஸ்கல்" என்று (கிலோபாஸ்கல் என்பது விறைப்பைச் சொல்லும் அலகு) ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, எதைக் கொண்டு, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகத்தில் அழுத்தினோம் என்பதை அரை வரியில் முடித்துக்கொள்ளும் கட்டுரைகளைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

2018இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வந்த ஒப்பீடு உங்களுக்குத் தெரியாததல்ல. எம்.சி.எஃப்-7 என்ற ஒரே வகை மார்பகப் புற்றுநோய் செல்லை ஆறு முறைகளில் அளந்ததில் மீள்தன்மைக் குணகம் (ரப்பர் போல மீண்டெழும் விறைப்பின் அளவு) 1000 மடங்கு வரை வேறுபட்டது, பிசுப்புக் குணகம் (தேன் போல மெதுவாக இளகும் தன்மையின் அளவு) 100 மடங்கு. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காந்த மணியைச் செல்லின் மேல் ஒட்டித் திருப்பினால் அதன் புறணிதான் (மேலுறைக்கு அடியில் உள்ள வலைப்பின்னல்) முக்கியமாகப் பதில் சொல்லும், உள்ளே மிதக்கும் துகளின் அசைவைப் பின்தொடர்ந்தால் சைட்டோபிளாசம் (செல்லின் உள்ளே நிறைந்திருக்கும் பொருள்), ஒளியால் இழுக்கும் முறையில் செல் எதிலும் ஒட்டாமல் உருண்டையாக இருக்கும். கேள்வியே வேறு வேறு, பதில் மட்டும் எப்படி ஒன்றாக வரும்?

சரி, ஒரே கருவி என்றால் தப்பித்துவிடலாமா? அதுவும் இல்லை. பெரும்பாலோர் வைத்திருப்பது அணுவிசை நுண்ணோக்கிதான்: கான்டிலீவர் என்ற மெல்லிய நெம்புகோலின் நுனியில் உள்ள முனையால் செல்லை அழுத்தி விசையை அளக்கும் கருவி. அதில் கிடைக்கும், ஆழத்துக்கு ஏற்ப விசை மாறுவதைக் காட்டும் வளைவுக்கு நாம் பொருத்துவது 1882இல் ஹெர்ட்ஸ் எழுதிய சமன்பாடு. சீரான, முழுக்க மீள்தன்மை கொண்ட, தடிமனான பொருளை லேசாக அழுத்தினால் மட்டுமே அந்தச் சமன்பாடு பொருந்தும். செல் இதில் எதுவுமே இல்லை. வேகமாக அழுத்தினால் விறைப்பு கூடும். மெலிந்த ஓரத்தில் அழுத்தினால் அடியில் உள்ள கண்ணாடியையும் சேர்த்து அளப்போம் (இதற்கான திருத்தம் 2002இலேயே வந்துவிட்டது, பயன்படுத்தத்தான் ஆளில்லை). முனை எப்போது மேற்பரப்பைத் தொட்டது என்பதும் மென்மையான ஜெல்லில் தெளிவாகத் தெரியாது, வளைவு மெதுவாகத்தான் எழும், தொடுபுள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினாலே விடை மாறிவிடும். கான்டிலீவரின் அளவுத்திருத்தப் பிழை வேறு. அதைக் குறைக்க 2017இல் ஸ்நாப் என்ற பொது நடைமுறையையே பல ஆய்வகங்கள் சேர்ந்து வெளியிட்டன. அதன்படி செய்தார்களா என்று எத்தனை மதிப்பாய்வாளர்கள் கேட்கிறீர்கள்?

செல்களை வளர்க்கும் பரப்பாகப் பயன்படும் ஜெல்லின் விஷயம் இன்னும் மோசம். தண்டுசெல்கள் தாம் ஒட்டியிருக்கும் பரப்பின் விறைப்பைப் பொறுத்து எந்த வகைச் செல்லாக மாறுவது என்று முடிவெடுக்கின்றன என்று 2006இல் எங்லர், டிஷர் குழு காட்டிய பிறகு, பாலிஅக்ரிலமைடு ஜெல் செய்யாத ஆய்வகமே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் எத்தனையோ பேர் தங்கள் ஜெல்லை அளப்பதே இல்லை, வேறொரு கட்டுரையின் கலவை அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுத்து எழுதிவிடுகிறார்கள். ஜெல்லை இறுகத் தொடங்க வைக்கும் அம்மோனியம் பெர்சல்பேட் பழசாகியிருந்தால் அதே கலவை வேறு மாதிரி இறுகும் என்பது ஜெல் ஊற்றிய யாருக்கும் தெரியும்.

"ஒப்பீடுதானே, சரியான எண் எதற்கு?" என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. 2007இல் நோயாளிகளின் நுரையீரல் உறைத் திரவத்திலிருந்து எடுத்த புற்றுநோய் செல்கள் இயல்பான செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்ததைக் கண்டது அப்படிப்பட்ட ஒப்பீடுதான், ஒரே கருவி, ஒரே முறை. அப்படியானால் ஒப்பீடு என்றே எழுதட்டும். அடுத்த பத்தியில் அந்த எண்ணை வேறொருவர் வேறு முனையால் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முடிவு சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆகவே சமர்ப்பிப்புப் படிவத்திலேயே கேளுங்கள்: முனையின் வடிவமும் ஆரமும், ஆழம், வேகம், வெப்பநிலை, அளவுத்திருத்த முறை, வளைவின் எந்தப் பகுதிக்குச் சமன்பாடு பொருத்தப்பட்டது. அப்புறம், பொருத்தாமல் விட்டவை உட்பட எல்லா மூல வளைவுகளும் பொதுவில் பதிவேற்றப்பட வேண்டும். நுண்ணோக்கிப் படங்களையே பதிவேற்றச் சொல்கிறீர்கள், இந்தக் கோப்புகள் அவற்றைவிடச் சிறியவை.