இரண்டு மாதம் என்கிறது சட்டம், ஆட்சியர் அவர்களே

தத்தெடுப்பு ஆணையில் கையெழுத்திடும் மாவட்ட ஆட்சியர்களுக்கும், அந்தக் கோப்புகளைக் கையாளும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. முப்பத்தொரு வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் அயர்லாந்தில் இருக்கிறார்கள். மகளும் நர்ஸ்தான், எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இந்த வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கும். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கும் அவர்கள் இருவரும், நம் மாநிலத்தில் வேறொரு மாவட்டத்துக் குழந்தைகள் இல்லத்தில் வளரும் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கிறார்கள். உதடும், அண்ணம் என்கிற மேல்வாயும் பிளந்து பிறந்த குழந்தை. எந்த மாவட்டம், எந்த இல்லம் என்று எழுத மாட்டேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டம். அதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம். அதே சட்டத்தின் 61-வது பிரிவு, தத்தெடுப்பு மனுவை இரண்டு மாதத்துக்குள் முடித்துவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் மனு போன ஆகஸ்டில் தாக்கலானது. இது பிப்ரவரி.

போன செவ்வாய்க்கிழமை மூன்று பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தேன். குழந்தையின் மருத்துவ அறிக்கை பழசாகிவிட்டதாம், புதிதாக வாங்கி வைக்கச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மனு கொடுத்த அன்று அது புது அறிக்கை. உங்கள் அலமாரியில் கிடந்துதான் பழசானது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த செக்‌ஷனில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவ்வளவு தூரத்துல இருந்து வந்து எடுக்குறவங்க, குறையில்லாத பிள்ளையா பாத்து எடுத்திருக்கலாமே அம்மா?"

அவருக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை வேண்டும் என்று குறித்தது என் மகள்தான். குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள். "எனக்குப் பாக்கத் தெரிஞ்ச பிள்ளைய நான் எடுக்காம வேற யாரும்மா எடுப்பா" என்று கேட்டாள். அவ்வளவுதான் அதில் இருக்கிற காரணம்.

மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று வந்த பிறகு, ஆணை வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குள் தங்களோடு வைத்துப் பராமரிக்கப் பெற்றோருக்கு விதி இடம் கொடுக்கிறது. அப்படி நவம்பர் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். உதட்டை ஐந்தாம் மாதமே தைத்துவிட்டார்கள். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடுதான் தெரியும். அண்ணம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. மட்டிப்பழத்தை மசித்து, நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பழம் மூக்கு வழியாக வரும். அவள் அழ மாட்டாள். தும்முவாள், புறங்கையால் துடைத்துக்கொள்வாள், மறுபடி வாயைத் திறப்பாள். இதுதான் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

பேச்சுதான் பெரிய விஷயம். ப, ட, க போன்ற எழுத்துகளுக்குக் காற்றை வாய்க்குள் அடைத்து நிறுத்தி வெளியே விட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் அந்தக் காற்று மூக்குக்கு ஓடிவிடும். ம, ந இரண்டும் மூக்கெழுத்து, அவை தடையில்லாமல் வரும். அதனால் எங்கள் பிள்ளைக்கு "அம்மா" வருகிறது. "அப்பா" வரவில்லை. மருமகன் தினமும் சாயங்காலம் அவளை மடியில் வைத்து, அவள் விரலைத் தன் உதட்டில் ஒட்டிவைத்து "ப்பா, ப்பா" என்பார். அவள் உதட்டை இறுக்கிச் சேர்ப்பாள். மூக்கில் புஸ்ஸென்று காற்று வரும். அவர் முகத்தைப் பார்ப்பாள். திரும்பவும் உதட்டைச் சேர்ப்பாள்.

அண்ணத்தைப் பொதுவாக ஒன்பதாவது மாதத்துக்கும் பதினெட்டாவது மாதத்துக்கும் இடையில் தைத்துவிடுவார்கள், பேச்சு ஊன்றுவதற்கு முன்னால். இவளுக்கு இருபது மாதம் ஆகிவிட்டது. தள்ளத் தள்ள, பிள்ளை தொண்டையை இறுக்கிச் சத்தம் எழுப்பத் தானாகவே பழகிக்கொள்ளும். பிறகு தைத்தாலும் அந்தப் பழக்கத்தை மாற்ற வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதும் இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். உங்கள் மேசையில் ஒரு மாதம் என்பது ஒரு மாதம்தான் ஐயா. அவள் வாயில் அது ஓர் எழுத்து.

அறுவை சிகிச்சையை இங்கேயே முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். தைத்த பிறகு பல நாட்கள் கை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நீராகாரம் மட்டும் கொடுக்க வேண்டும், இரவில் கூடவே ஆள் இருக்க வேண்டும். இல்லத்தில் ஓர் ஆயா எத்தனை பிள்ளைகளைத்தான் பார்ப்பார்? ஆணை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும், பெற்றோரே கூட இருந்து செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மருத்துவமனை கொடுத்த தேதி அப்படியே போய்விட்டது.

லீவு முடிந்ததும் மகள் பிள்ளையை இல்லத்தில் திரும்ப விட வேண்டியதாயிற்று. நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பாட்டிக்கு அந்த உரிமை இல்லை, தத்தெடுக்கும் பெற்றோருக்கு மட்டும்தான். விதியை மீறச் சொல்லவில்லை, விட்டுவிட்டு வந்தோம். கிறிஸ்துமஸ் ஸ்டார் விளக்கை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்துத்தான் தூங்குவாள்.

நீதிமன்றங்களில் மனுக்கள் தேங்குகின்றன என்றுதானே 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் 1 முதல் இந்த அதிகாரத்தை ஆட்சியர்களிடம் கொடுத்தார்கள்? எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு முன்பு தத்து என்பதே சட்டத்தில் கிடையாது. 1956-ம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும். நாங்கள் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலராக இருக்கலாம், அப்பா அம்மாவாக முடியாது. 2000-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தால்தான் எங்களுக்கும் கதவு திறந்தது. அந்தக் கதவு ஓர் அலமாரிக் கதவில் வந்து முட்டி நிற்கிறது.

அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு என்ற கேள்விக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்துக்காரர் டாக்டர் சாமர்வெல், திரும்பும் வழியில் எங்கள் நெய்யூர் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் பாட்டன் பாட்டிகளின் வயிற்றைக் கிழித்துத் தைத்தவர் அவர். தூரம் எங்களுக்குப் புதிதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

விசாரணையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை விற்றவர்களையும் வாங்கியவர்களையும் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், என் மகள் வீட்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் அனுப்புங்கள். ஆனால் இரண்டு மாதத்துக்குள் கேட்டு முடியுங்கள். மருத்துவத் தேவையுள்ள பிள்ளையின் கோப்பு என்றால் மேலட்டையிலேயே அதைக் குறித்து, முதலில் எடுங்கள். வெளிநாட்டுத் தத்தில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. உங்கள் தாமதத்தால் பழசான தாளுக்கு மறுபடி அவளைப் படுக்கவைத்து ரத்தம் எடுக்க வைக்காதீர்கள்.

ஆணை கையில் வந்த பிறகும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படியான சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று வேலை கிடக்கிறது. மகள் அடுத்த லீவுக்கு இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணரும் தேதி கேட்கிறார். புதிய மருத்துவ அறிக்கையை நேற்றே அனுப்பிவிட்டோம். தயவுசெய்து ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள் ஐயா. திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.