வாக்குப் போட்டுவிட்டோம், சபைக்குள்ளும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

உள்ளூராட்சித் தேர்தல் பற்றி வரும் கட்டுரைகளில் வன்னிச் சனம் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர்கள் போலச் சொல்லப்படுவது மனதை நோகச் செய்கிறது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2ஐயும், யாழ்ப்பாணத்தின் 6இல் 3ஐயும் ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்தது. கிளிநொச்சியில் இருக்கும் நாங்கள் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி ஆகிய மூன்று பிரதேச சபைகளிலும் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது. உடனே ஒரு சாரார் ‘இனவாதத்துக்குத் திரும்பிவிட்டார்கள்’ என்கிறார்கள், மற்றச் சாரார் ‘தேசியம் வென்றது’ என்கிறார்கள்.

இரண்டு தேர்தலுக்கும் நடுவில் நடந்ததை இவர்கள் ஏன் பேசுவதில்லை? வடக்கில் ஏறத்தாழ 6000 ஏக்கர் காணிக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று 2025 மார்ச் 28இல் அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இடம்பெயர்ந்து, காணி உறுதியும் பழைய காணிப் பதிவான தோம்பும் தொலைந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் சனம் எப்படி 3 மாதத்தில் ஆவணம் காட்டும்? ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. காணிப் பயத்தில் விழுந்த வாக்கை இனவாதம் என்பது அநியாயம். உழைக்கும் மக்களின் ஆட்சி என்று வந்தவர்கள் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அதே அளவு தமிழ்க் கட்சிகளுக்கும் சொல்ல இருக்கிறது. நான் பாரதிபுரத்தில் இருப்பவள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எங்களுடையவை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் கூலிக்கு இறங்குகிறோம், எங்கள் மேட்டுக்காணிக்கு அந்த வாய்க்கால் வருவதில்லை. காணிப் போமிட்டுக்காக, அதாவது அரசின் அனுமதிப்பத்திரத்துக்காக, ஒரு தலைமுறையே அலைந்திருக்கிறது. மேடையில் ‘தமிழ் மக்களின் நிலம்’ என்று முழங்கும்போது இந்தக் காணிகளும் அதற்குள் வருகின்றனவா? வாக்குக் கேட்டு வந்தவரிடம் இதைக் கேட்டேன். ‘பார்ப்பம் அக்கா’ என்றார்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வட்டாரத்தில் நின்று வெல்லும் வாய்ப்பைக் கட்சிகள் ஆண்களுக்கே கொடுத்துவிட்டு, பட்டியலில் பெண்களை நிரப்புகின்றன. நுண்கடன்காரன் படலையில் நிற்பதையும், கோடையில் கிணறு வற்றுவதையும் சபையில் பேசவேண்டியவர்கள் இந்தப் பெண்கள்தான். அவர்களுக்குப் பேச நேரம் கொடுங்கள்.

பிரதேச சபைச் சட்டம் 1987ஆம் ஆண்டினது. குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க அதில் இடமிருக்கிறது. கரைச்சித் தவிசாளரிடம் நான் கேட்பது இதைத்தான்: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலிருந்தும் கூலித் தொழிலாளர்களிலிருந்தும் ஆட்களைக் குழுக்களில் சேருங்கள். அடுத்த ஆண்டின் பாதீட்டை நிறைவேற்றுமுன் அதன் நகலைக் கிராமப் பொதுமண்டபங்களில் ஒட்டுங்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய இந்தத் தேர்தலுக்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். வட மாகாண சபை 2018 ஒக்டோபரிலிருந்து தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில். எங்களுக்கு இப்போது எட்டும் தூரத்தில் இருப்பது இந்தச் சபை மட்டும்தான்.

ஒரு வாசகி,
பாரதிபுரம், கிளிநொச்சி.