உன் மகள் சேர நினைக்கும் சங்கம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம் மகளைப் பற்றிப் புலம்பிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "போன மாசம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், இப்போ பரவாயில்லை." அடிப்பாவி! இதை முதல் வரியில் எழுதக் கூடாதா? ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யார்? வீட்டில் சமைத்தது யார்? உன் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கவே நீ பக்கத்தில் நிற்க வேண்டுமே. நம் ஹாஸ்டல் தோழி கொடுக்காப்புளி உனக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், அவளுக்குக்கூட வாயைத் திறக்கவில்லையாம். போனில் கேட்டேன், அழுதுவிட்டாள். இந்தச் சண்டையைக் கொஞ்சம் கழித்துப் போடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பெரியவன் வேலைக்குப் போகிறான்.

சரி, உன் மகள் விஷயம். டெக்சஸுக்குப் போய் முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் "சொரோரிட்டியில் சேரணும், பணம் அனுப்பு" என்கிறாள். நீ, "அது என்னடி, குடித்துக் கும்மாளம் போடுகிற கிளப்பா?" என்று கேட்கிறாய். உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சினிமாவில் பார்த்ததை வைத்து முடிவு பண்ணாதே.

கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவிகள் சங்கம் அது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரிகளுக்குள் நாலைந்து பெண்கள் நுழைந்த காலத்தில், ஒருத்திக்கு ஒருத்தி துணை வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இண்டியானாவில் 1870இல் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா அப்படி வந்ததுதான். இன்றைக்குப் பல இடங்களில் பெரிய வீடு, ஒரே மாதிரி உடை, ஆயிரக்கணக்கில் டாலர் கட்டணம் என்று ஆகியிருக்கிறது. நிறையப் பேருக்கு அது நாலு வருஷக் கதை. பட்டம் வாங்கினதும் ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு புகைப்படம், அவ்வளவோடு முடிந்துவிடும்.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை என்பதை நான் பக்கத்து வீட்டில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கறுப்பினத்தவர், எண்பதைத் தாண்டியவர். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்தில் கல்லூரி நாளில் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்களுக்கான முதல் சொரோரிட்டி அது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், வாஷிங்டனில் இருக்கிற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியது. டீச்சரம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை, கணவரும் போய்விட்டார். போன வருஷம் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, இனி டீச்சரம்மாவை யார் பார்ப்பார்கள் என்று நானும் என் வீட்டுக்காரரும் கவலைப்பட்டோம்.

ஒரு நாள் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில், இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு காந்தத்தின் கீழே ஒரு தாள். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பெயர்: கூட்டிப்போக ஒருத்தி, திரும்பக் கூட்டிவர ஒருத்தி, இவர்களில் யாருக்காவது முடியாமல் போனால் வர இன்னொருத்தி. பக்கத்தில் போன் நம்பர். அடியில், உப்பு எவ்வளவு, பொட்டாசியம் அதிகம் உள்ள காய் எது என்று சமைத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. என் ரசத்தில் தக்காளி இருந்ததால் டீச்சரம்மா தொடவில்லை!

அன்றைக்குக் கூட்டிப்போக வந்த பெண் வக்கீல், முப்பது வயதுகூட இருக்காது. "இவரை உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது. லிஸ்டில் என் பெயர் வந்தது, வந்தேன்" என்றாள். அந்தப் பதிலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை, சாந்தி. அவளுக்கு டீச்சரம்மா மேல் தனியாக ஒரு பாசமும் இல்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கு வாசலில் காரோடு நிற்கிறாள்.

இது எப்படி என்று டீச்சரம்மாவைக் குடைந்து குடைந்து கேட்டேன். அவர்களுக்குச் சங்கம் கல்லூரியோடு முடிவதில்லை. பட்டதாரிகளுக்கென்று ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. படிக்கும்போது சேராதவர்கள் வேலைக்குப் போன பிறகும் சேரலாம். மாதக் கூட்டம், வருஷச் சந்தா, செயலாளர், பொருளாளர், வருகைப் பதிவேடு எல்லாம் உண்டு. வேலை கிடைத்துப் புது ஊருக்கு அவர் போனபோது கறுப்பினப் பெண்ணுக்கு ஓட்டலில் அறை தர மாட்டார்கள். கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை இறக்கி வைத்தாராம். தங்க அறை, கடன் தர ஆள், எந்தக் கடையில் மரியாதையாக நடத்துவார்கள் என்கிற தகவல், எல்லாம் அந்த ஒரு வீட்டிலிருந்து கிடைத்ததாம்.

அவர்கள் தங்களுக்குள் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவும் இல்லை. 1935இல் டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில் இந்தச் சங்கத்துப் பெண்கள் மிசிசிப்பிக்குப் போய்ப் பருத்திக் கூலிகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கூலிகளை மருத்துவ முகாமுக்கு அனுப்பத் தோட்ட முதலாளிகள் விடவில்லை. உடனே இவர்கள் தங்கள் கார்களிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்கள். பல கோடைகள் இது நடந்தது. அதே ஹோவர்டில் 1913 ஜனவரியில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கி, மார்ச் 3 அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டன் தெருவில் ஊர்வலம் போனார்கள்.

கமலா ஹாரிஸ் 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய பேச்சில் "சித்தி" என்று சொன்னதற்கு நம்ம ஊரே கொண்டாடியதே, ஞாபகம் இருக்கிறதா? நீகூட அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். அதே பேச்சில், சித்திகளைச் சொன்ன கையோடு, ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் தன் குடும்பம் என்று சொன்னார். 1986இல் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தவர். அந்தத் தேர்தலில் சங்கத்துப் பெண்கள் 19.08 டாலர், 19.08 டாலராக நன்கொடை அனுப்பினார்கள், சங்கம் பிறந்த வருஷக் கணக்கில்.

இப்போது நம் சண்டை. நமக்குள் பாசத்துக்கு என்னடி குறைச்சல்? ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் நம் தோழி பல்லிக்குக் கஞ்சி காய்ச்சினோம். உன் அப்பா இறந்தபோது ஆறு பேரும் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அப்புறம் ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு டிரான்ஸ்ஃபர், நான் கடல் தாண்டினேன். கூப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் மனசு உண்டு. கூப்பிட வேண்டியது இன்றைக்கு யார் முறை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. "யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று நீ தையல் பிரிக்கிறவரைக்கும் தனியாகக் கிடந்திருக்கிறாய். டீச்சரம்மாவுக்கு அந்தக் கூச்சமே இல்லை. அவரும் முப்பது நாற்பது வருஷம் மற்றவர்களுக்குக் கார் ஓட்டியவர். இப்போது தன் முறை என்று நிம்மதியாக உட்கார்ந்து போகிறார். அந்த நிம்மதியை நான் உனக்கும் எனக்கும் ஆசைப்படுகிறேன்.

அதனால் நானே ஒரு லிஸ்ட் போட்டுவிட்டேன். ஆறு வாரத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரே? செவ்வாய், வியாழன் கொடுக்காப்புளி சமைத்துக் கொண்டுவருவாள். சனிக்கிழமை பல்லி திருமங்கலத்திலிருந்து வருவாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆறு பேரும் போனில் பேசுகிறோம், வராதவளுக்கு நூறு ரூபாய் அபராதம், பொருளாளர் நீ. வேண்டாம் என்று மட்டும் எழுதாதே, எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

உன் மகளுக்கு வருகிறேன். பழைய உறுப்பினர்களின் செல்வாக்கு இத்தனை வருஷம் நீடிப்பதில் கெடுதலும் உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013இல், மாணவிகள் சேர்த்துக்கொள்ள விரும்பிய ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளைக்காரச் சொரோரிட்டிகளின் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று அங்கே உள்ள மாணவர் பத்திரிகை எழுதியது. ஊரே கொதித்த பிறகுதான் கதவு திறந்தது. படித்து முடித்து எத்தனையோ வருஷம் ஆனவர்கள், யார் உள்ளே வரலாம் என்று அப்போதும் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். "வேலைக்கு உதவும்" என்று உன் மகள் சொல்வதையும் அப்படியே நம்பாதே. கருத்துக் கணிப்பு நடத்துகிற கேலப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் மனம் ஒன்றி இருப்பவர்கள் இந்தச் சங்கங்களில் இருந்த ஆண், பெண்களில் 43 சதவீதம், மற்றப் பட்டதாரிகளில் 38. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் சேருகிறார்கள் என்றால், அந்த ஐந்து சதவீதம் சங்கத்தால் வந்ததா, வீட்டால் வந்ததா?

ராகிங் பயமும் உண்மைதான். சேர்க்கிற சடங்கு என்ற பெயரில் பிள்ளைகள் செத்தே போயிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, எந்தச் சங்கம் ராகிங்கில் மாட்டியது என்று கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன் அவளையே அதைப் படித்து உனக்குச் சொல்லச் சொல்.

எந்தச் சங்கம் என்று நீ எழுதவே இல்லை. 1998இல் ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா என்று நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கான சொரோரிட்டிகளும் தொடங்கின. அவற்றில் ஒன்றா என்று கேள். எதுவானாலும், படித்து முடித்துப் பத்து வருஷம் ஆன உறுப்பினர்கள் ரெண்டு பேரிடம் அவள் பேச வேண்டும். போன வருஷம் சங்கத்துக்காக என்ன செய்தார்கள், சங்கம் அவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்கட்டும். பார்ட்டியைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றால் பணத்தை அனுப்பாதே. லிஸ்ட் வைத்திருக்கிறவர்கள் என்றால் நீ தயங்கினாலும் முதல் வருஷச் சந்தாவை நான் கட்டுகிறேன்.

ஞாயிறு மத்தியானம் அவளை எனக்குப் போன் பண்ணச் சொல். டீச்சரம்மாவும் அவளோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் கிடையாது.

அன்புடன்,
உன் மாலா